அக்கி எழுதிய மூன்று நாள்

"டாக்டர், என் மகன் சொல்லுகிறான்: கிருமி தாத்தாவின் நரம்புக்குள்ளே தண்டவாளம் மாதிரி ஒன்றில் நடந்துபோய், செல்லின் உட்கருவுக்குள் புகுந்துகொண்டதாம். உட்கருவில்தானே நம் மரபணு இருக்கிறது? அப்படியானால் அது எனக்கும் வந்திருக்குமா, என் பிள்ளைக்கும் வருமா?"

குலசேகரம் பக்கத்தில், ரப்பர் விளை ஒன்றை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீண்ட கடிதம் இப்படி முடிகிறது. அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

அவருடைய அப்பாவுக்கு வயது 63. விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் வெட்டு முடிந்து வந்தவர் கட்டஞ்சாயாவைக்கூடக் குடிக்காமல், "நெஞ்சுல தீக்கங்கு கோரிப் போட்டது மாதிரி இருக்கு மக்ளே" என்றிருக்கிறார். இடது பக்கம், மார்பிலிருந்து விலாவைச் சுற்றி முதுகு வரை எரிச்சல். பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதே தடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பார்த்தவுடனே அம்மா சொல்லிவிட்டார், அக்கி என்று. மண்பானை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து செங்காவியைக் குழைத்து எழுதினார். தொடர்ந்து மூன்று நாள் எழுத வேண்டும் என்றார், எழுதினார்கள். மீன் நிறுத்தம், முட்டை நிறுத்தம், குளியலும் நிறுத்தம். ஐந்தாம் நாளும் ஓரத்தில் புதுக் கொப்புளம் கிளம்பவே வாசகிக்குப் பயம் வந்துவிட்டது.

பயம் அதோடு நிற்கவில்லை. நாலு மாதக் கர்ப்பிணியான தங்கை அப்பாவைப் பார்க்க வந்து அதே வீட்டில் தங்கியிருக்கிறார். அவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா இல்லையா என்று அம்மாவுக்கு நினைவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகன் இணையத்தில் படித்துவிட்டு மேலே சொன்ன கேள்வியைக் கிளப்பியிருக்கிறான். அந்தத் "தண்டவாளத்தை" உடைக்கும் பொருள் கண்வலிக்கிழங்கில் இருக்கிறது என்றும் அவனே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட மாமா ஒருவர், வேலியோரம் கிடக்கிறதைத் தோண்டி ஒரு வேளை கஷாயம் வைத்தால் என்ன என்கிறார். அக்கி இரண்டு பக்கமும் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடுமாம், அது உண்மையா என்பதும் கடிதத்தில் இருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

அவசரமான மூன்றை அன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்: அப்பாவை இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், தங்கைக்கு நாளையே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கிழங்கைத் தொடாதீர்கள். அப்பாவுக்கு மாத்திரை தொடங்கியாயிற்று என்று பதில் அனுப்பினீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மகனைப் பாராட்டிவிடுகிறேன். பிளஸ் டூ பாடத்தில் இத்தனை ஆழம் கிடையாது, பையன் தேடிப் படித்திருக்கிறான். அவன் சொன்னதில் முக்கால் பங்கு சரி. உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது மீதிக் கால் பங்கு.

புதிதாக வந்த கிருமி அல்ல

அப்பாவுக்கு இப்போது யாரிடமிருந்தும் எதுவும் தொற்றவில்லை. சின்ன வயதில் அவருக்குச் சின்னம்மை போட்டிருக்கும். அம்மை இறங்கியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், எல்லாரும் மறந்துபோனார்கள். கிருமி மட்டும் போகவில்லை. முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொண்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அங்கேயே கிடந்திருக்கிறது. வயது ஏறி, சர்க்கரையும் சேர்ந்து, உடலின் காவல் தளர்ந்தபோது எழுந்துவிட்டது. சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் இரண்டு முகங்கள்.

இதை ஊகித்து நிறுவியவர்களில் முக்கியமானவர் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அல்லர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இங்கிலாந்தில் சிரன்செஸ்டர் என்ற சிற்றூரில் எட்கர் ஹோப்-சிம்சன் என்று ஒரு பொது மருத்துவர் இருந்தார். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு வருடம் குறிப்பெடுத்து வைத்தார். சின்னம்மைக் கிருமியே உடலுக்குள் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாக வருகிறது என்று 1965இல் எழுதினார். என்னைப் போன்ற ஊர் டாக்டர்களுக்கு அவர் ஒரு குலதெய்வம் மாதிரி.

தலையும் வாலும் சேருகிற கதைக்கு வருவோம். ஒரு நரம்பு முடிச்சு உடலின் ஒரு பக்கத்துக்குத்தான் நரம்பு அனுப்புகிறது. இடது முடிச்சில் இருந்த கிருமி இடது பக்கத் தோலுக்குத்தான் வரும், நடுக்கோட்டோடு அநேகமாக நின்றுவிடும். அப்படியே இரண்டு பக்கமும் வந்தாலும் வட்டம் முழுமையானதால் உயிர் போகாது. ஆனால் உடலின் காவல் மிகவும் தளர்ந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அப்போது மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நரம்புக்குள் நடந்தது

நரம்புச் செல் விசித்திரமானது. அதன் உடம்பு முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும், வால் தோல் வரைக்கும் நீளும். கால் பெருவிரலின் உணர்ச்சியைக் கொண்டுவரும் ஒற்றைச் செல்லின் வால் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அன்று அம்மை போட்டபோது மார்புத் தோலில் இருந்த கிருமி இப்படிப்பட்ட வால் நுனியில் ஒட்டி, தன் மேலுறையைச் செல்லின் சவ்வோடு கலந்துவிட்டு உள்ளே இறங்கியது. ரத்தத்தின் வழியாகவும் சில கிருமிகள் முடிச்சுக்குப் போயிருக்கும். ஆனால் உங்கள் மகன் படித்தது நரம்பு வழிப் பயணத்தைப் பற்றி.

உள்ளே இறங்கிய கிருமி நீந்திப் போகிறது என்றுதான் நாம் நினைப்போம், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நீந்த முடியாது. செல்லுக்குள் இருப்பது தெளிந்த நீர் அல்ல, நெரிசல். ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளைப் பூச்சந்தைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், தானாக ஓர் அடி நகர முடியாது. பக்கத்தில் இருப்பவர் இடித்தால் அந்தப் பக்கம் சாய்வோம், மறுபடி இடித்தால் இந்தப் பக்கம். இப்படி இடிபட்டு இடிபட்டே நரம்பு வாலுக்குள் ஒரு சென்டிமீட்டர் கடக்க வேண்டுமானால் இந்த அளவுள்ள கிருமிக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே சந்தையில் பூமூட்டையைத் தலையில் ஏற்றிய சுமட்டுக்காரர் "வழி, வழி" என்று இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார். செல்லுக்குள்ளும் அப்படிச் சுமடு தூக்குகிறவர்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அப்படி 25 நானோமீட்டர் தடிமனில் செல் முழுக்க நுண்குழல்கள் ஓடுகின்றன, உங்கள் மகன் சொன்ன தண்டவாளம் இவைதான். அவற்றின்மேல் இரண்டு கால் வைத்து நடக்கும் புரதங்கள் சரக்கைச் சுமந்து போகின்றன. செல்லின் நடுவை நோக்கி வருவது டைனின். வெளியே நுனியை நோக்கிப் போவது பெரும்பாலும் கைனெசின். டைனின் வைக்கும் ஓர் எட்டு ஏறக்குறைய 8 நானோமீட்டர். அது நேராகவும் நடப்பதில்லை. பக்கத்துத் தடத்துக்குத் தாவும், சில சமயம் ஓர் எட்டு பின்னாலும் வைக்கும். கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் நடைதான், ஆனால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஆயிரம் நானோமீட்டர், என்று வைத்தால், நிற்காமல் நடந்தால், நாளொன்றுக்கு எட்டரை சென்டிமீட்டர். மார்பின் முன்புறத்திலிருந்து முதுகெலும்பு வரை நாலு நாள் நடை.

டைனினுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஐயன் கிப்பன்ஸ், ஒரு செல் உயிரி ஒன்றின் மயிரிழைகளில் அதைப் பிரித்தெடுத்தார். அதுவும் 1965தான். சிரன்செஸ்டர் மருத்துவருக்கும் அவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்று புரியப் பல வருடம் ஆயிற்று. அக்கிக் கிருமியின் பங்காளி ஒன்று உண்டு, உதட்டோரத்தில் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் கிருமி. 1997இல் பியாட்டே ஸோடைக், ஆரி ஹெலேனியஸ் குழுவினர் அந்தக் கிருமியின் ஓடுகள் நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு டைனினோடு போவதைக் காட்டினார்கள். நுண்குழல்களைக் குலைத்துவிட்டால் அவை உட்கருவின் பக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை.

கிருமிக்குச் சொந்த வண்டி கிடையாது, ஓட்டுநரும் கிடையாது. வளர்ச்சிச் சத்துகளையும் கழிவுகளையும் சுமக்க நம் உடம்பு வைத்திருக்கும் அதே வண்டியில்தான் ஏறிக்கொள்கிறது. கிழங்கு விஷயத்துக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

உட்கருவின் வாசலில் வேறொரு சிக்கல். உள்ளே போகிற துளையின் அகலம் 40 முதல் 60 நானோமீட்டருக்குள்தான். கிருமியின் ஓடோ ஏறக்குறைய 125 நானோமீட்டர். நம்மூர்ச் சக்கைப் பழத்தை, அதாவது பலாவை, ஜன்னல் கம்பிக்குள் நுழைக்க முடியுமா? முடியாது. தோல் வெளியே நிற்க, சுளை மட்டும் உள்ளே போகும். ஓடு துளையின் வாயில் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதன் ஒரு மூலை திறக்கிறது, உள்ளே சுருட்டி அழுத்தி வைத்திருந்த டிஎன்ஏ இழை உட்கருவுக்குள் பீச்சப்படுகிறது. பங்காளிக் கிருமியில் அந்த அழுத்தத்தை அளந்தபோது வளிமண்டல அழுத்தத்தைப்போல 20 மடங்கு இருந்தது. உங்கள் மகனின் அப்பா கார் வைத்திருந்தால் டயரில் அடிக்கும் காற்றைச் சொல்லி ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதைப்போல சுமார் பத்து மடங்கு.

எல்லாக் கிருமிக்கும் இந்த வேலை இல்லை. டெங்குவும் கொரோனாவும் உட்கருவுக்கு வெளியிலேயே பெருகிவிடும். வெறிநாய்க்கடிக் கிருமி நரம்பு வழியாக இதே டைனினில் ஏறி மூளைக்குப் போகிறது, ஆனால் உட்கருவுக்குள் போவதில்லை. கடிபட்ட பிறகு ஊசி போட்டாலும் பலிப்பதற்குக் காரணம், அது நடந்து போகிற அந்த அவகாசம்தான்.

மரபணு மாறிவிட்டதா?

இல்லை. மகன் சறுக்கியது இங்கே. உட்கருவுக்குள் போவது வேறு, நம் மரபணுவோடு கலப்பது வேறு. எச்ஐவி கலக்கிறது, தன் இழையை நம் குரோமோசோமுக்குள் தைத்துவிடுகிறது. அக்கிக் கிருமி அப்படிச் செய்வதில்லை. அதன் டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு, நம் குரோமோசோமைத் தொடாமல் தனியாகக் கிடக்கிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டில் படுத்திருக்கிறார், பத்திரத்தில் அவர் பெயர் ஏறவில்லை.

அதோடு, அது கிடப்பது நரம்புச் செல்லில். பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருப்பது மட்டும். அப்பாவின் நரம்பு முடிச்சில் இருப்பது உங்களுக்கோ உங்கள் மகனுக்கோ பரம்பரையாக வர வழியே இல்லை. உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தால் உங்கள் முடிச்சிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அது நீங்களே பெற்றுக்கொண்டது, அப்பா கொடுத்த சொத்து அல்ல.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முழுதாக வெளியேற்ற மருந்து இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தூங்குகிற கிருமியை எழுப்பி அனுப்ப இன்றைக்கு எந்த மருந்தும் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்று நாள் கணக்கு

அக்கி எழுதுவதைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள், டாக்டர் திட்டுவார் என்று. திட்டமாட்டேன். என் அம்மாச்சிக்கும் எழுதியிருக்கிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செங்காவி குளிர்ச்சியாக இருக்கும், எழுதுகிறவர் ஆறுதலாகப் பேசுவார், வலியில் இருக்கிறவருக்கு அதுவும் வேண்டும். அக்கிக் கொப்புளம் இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். அதனால் எழுதியவருக்கு நல்ல பெயர் நிலைத்துவிட்டது. உடைந்த புண்ணில் மண் படாமல் எழுதினால் அந்தக் காவியால் பெரிய கெடுதல் இல்லை.

கெடுதல் நாள் கணக்கில் இருக்கிறது. அக்கிக்கு மருந்து கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதுவும் மூன்று நாள், எழுதுவதும் மூன்று நாள்.

ஏன் அந்த அவசரம் என்றால், மருந்து கிருமியின் பயணத்தைத் தடுப்பதில்லை. கிருமி எழுந்ததும் முடிச்சில் பெருகி, கைனெசினில் ஏறி நரம்பின் வழியே தோலுக்குத் திரும்புகிறது. கொப்புளத்துக்கு முன்னாலேயே வலி வருவது இதனால்தான், முடிச்சும் நரம்பும் முதலில் புண்ணாகிவிடுகின்றன. அசைக்ளோவிர் மாத்திரை வேலை செய்யும் இடம் உட்கரு, கிருமி தன் டிஎன்ஏவை நகலெடுக்கும் தருணம். நகலெடுக்கும் சங்கிலியில் ஒரு பொய்க் கண்ணியாகப் புகுந்து அதற்கு மேல் நீளவிடாமல் செய்கிறது. அந்த மாத்திரையைக் கூர்தீட்டிக் கொடுப்பதே கிருமியின் சொந்த நொதிதான், அதனால் கிருமி இல்லாத செல்லை அது பெரும்பாலும் தொடாது. இந்த மருந்தின் உருவாக்கத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. நகலெடுத்து முடித்த பிறகு மாத்திரை போட்டால் செய்வதற்கு வேலை குறைவு. நரம்பு பட்ட அடி பட்டதுதான்.

உங்கள் அப்பாவுக்கு 72 மணி நேரம் தாண்டிவிட்டது. ஆனாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தது, சர்க்கரையும் இருக்கிறது, அதனால் தொடங்கியது சரி. 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது வழக்கமான அளவு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இதைக் குறைக்க வேண்டும், ஆகவே கிரியாட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வலி குறைந்தது என்று நாலாம் நாள் நிறுத்திவிடாதீர்கள். மீனை நிறுத்த ஒரு காரணமும் இல்லை, சாளைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். குளிக்கலாம், சோப்பு மென்மையாக இருக்கட்டும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அவருடைய துவர்த்தை (துண்டை) வேறு யாரும் எடுக்க வேண்டாம்.

தைலம் தேய்த்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கொப்புளம் வருமுன் வலியோடு வந்த ஒருவருக்கு நானே பிடிப்பு என்று சொல்லிக் களிம்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். நாலு நாள் கழித்துச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து ஒரு பக்கமாக எரிகிறது என்று யார் சொன்னாலும், முதலில் இசிஜி எடுத்து இதயத்தைப் பார்த்துவிட்டு, "தோலில் ஏதாவது கிளம்பினால் அன்றைக்கே வாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. காதில் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும், உடம்பெல்லாம் பரவினாலும், பேச்சு குழம்பினாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

வேலியோரக் கிழங்கு

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. மாமா மீது அல்ல, பாதி அறிவியலைத் துண்டு வீடியோவாகப் போடுகிறவர்கள் மீது.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு, மலையாளம் பேசுகிறவர்கள் வாயில் மேந்தோன்னி, எல்லாம் ஒன்றுதான். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு. அதில் இருப்பது கோல்சிசின். அது நுண்குழல்களைக் கட்டவிடாமல் குலைக்கும் என்பது உண்மை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் அப்படிக் குலைத்தால் கிருமியின் பயணம் தடைபடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தடத்தில் ஓடுவது கிருமி மட்டுமா? குடலின் உட்படலமும் எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் புதுச் செல்களைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவுக்கும் நுண்குழல் வேண்டும். கிழங்கைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் ரத்த அணுக்கள் சரியும், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக விழும். பிழைத்தவர்களுக்கு முடி கொத்தாகக் கொட்டும். முறிமருந்து கையில் கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

கவுட் வாதத்துக்குக் கோல்சிசின் மாத்திரை கொடுக்கிறோமே என்று மாமா கேட்கலாம். கொடுக்கிறோம், அரை மில்லிகிராம் கணக்கில். வேலியில் தோண்டிய கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளப்பது? அப்பாவோ, ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர். அரைத்துப் பற்றுப் போடவும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். இதைப் படிக்குமுன் யாராவது குடித்திருந்தால், ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தங்கைக்கு

அப்பாவின் அக்கி தங்கைக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள கிருமி இருக்கிறது. இதுவரை அம்மை போடாதவருக்கு, தடுப்பூசியும் போடாதவருக்கு, அது சின்னம்மையாக வரலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை வராமலேயே பெரியவர்களாகிறவர்கள் குளிர்நாடுகளைவிட அதிகம். ஆகவே "எல்லாருக்கும் சின்ன வயசில போட்டிருக்கும்" என்று விட்டுவிட முடியாது. கர்ப்பத்தின் முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால் குழந்தைக்குக் குறை ஏற்பட 100க்கு 2 வரை வாய்ப்பு என்று கணக்கு. மீதி 98 பேருக்கு அந்தக் குறை வருவதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தாய்க்கு நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு, கவனம் அதற்கும் வேண்டும்.

ரத்தத்தில் இந்தக் கிருமிக்கான ஐஜிஜி எதிர்ப்புப் பொருள் இருந்தால் அவர் பாதுகாப்பாக இருக்கிறார், அப்பா பக்கத்திலேயே உட்காரலாம். இல்லையென்றால், தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள், சீக்கிரமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு நல்லது, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளையே கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். எல்லா ஊரிலும் கையிருப்பு இருக்காது, அதனால் முடிவு வருமுன்னே எங்கே கிடைக்கும் என்று அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் விசாரித்து வையுங்கள். அந்த ஊசி போட்டால் 28 நாளும், போடாவிட்டால் 21 நாளும் காய்ச்சலோ கொப்புளமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசி கர்ப்பத்தில் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு இரண்டு தவணை போட்டுக்கொள்ளலாம்.

"அம்மை போட்ட வீட்டில் இருந்தவள்" என்று தங்கையின் புகுந்த வீட்டில் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முடிவு வரும்வரை அப்பா தனி அறையில் இருக்கட்டும், கொப்புளத்தைத் தளர்ந்த பருத்தித் துணியால் மூடி வைக்கட்டும், பொருக்கு தட்டிக் காய்ந்துவிட்டால் தொற்றாது. அவ்வளவுதான் தேவை. தங்கை எங்கே இருப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று முடிவு வந்தால் அந்தத் தாளைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

வலியும் வேலையும்

தோல் காய்ந்த பிறகும் நரம்பு வலி நிற்காமல் இருக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் அதற்குத் தனிப் பெயர், தனி வைத்தியம். வயது ஏற ஏற இதற்கு வாய்ப்பு கூடும். சட்டை உரசினாலே துடிக்கிறார் என்றால் நடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த நரம்பு தொடுதலையே தீயாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாதாரண வலி மாத்திரை இதைக் கேட்காது. காபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைச் சிறிய அளவில் இரவில் தொடங்கிக் கூட்டுவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு 60 என்றீர்கள். ஐம்பது வயது கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. இதில் உயிருள்ள கிருமி இல்லை, கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்று மட்டும், ஆகவே உட்கருவுக்குள் போய்ப் படுக்க அதில் ஒன்றும் இல்லை. விலை அதிகம், பால்வெட்டுக் கூலியில் அது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். குடும்பத்தில் கலந்து பேசி முடிவெடுங்கள். அப்பாவும் இந்த முறை முழுதாக ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அப்பா எப்போது வெட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள், அவரே கேட்கச் சொன்னார் போலிருக்கிறது. கொப்புளம் காய்ந்தால் போகலாம். ஆனால் நரம்பு வலி மாத்திரை தொடங்கிய முதல் வாரம் தலை சுற்றும், விடியற்காலையில் கால் தடுமாறும். சரிவான விளையில், இருட்டில், கையில் வெட்டுக் கத்தியோடு அது வேண்டாம். மாத்திரை உடம்புக்குப் பழகும்வரை பக்கத்து விளைக்காரர் யாராவது அவருடைய மரங்களையும் சேர்த்து வெட்டட்டும். கூலியில் பங்கு பேசிக்கொள்ளலாம். சும்மா இருக்க முடியாது என்று அடம்பிடித்தால், வெளிச்சம் வந்த பிறகு போய்ச் சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.